ஒட்டகத்துக்குக் கொடுத்த தண்ணீர்

கட்டட வேலையில் தண்ணீர் கொடுப்பதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளம் போட்டு வைப்பார்கள் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால், அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாள். பாதி ஆயுசைச் சித்தாளாக ஜல்லியும் மணலும் சுமந்தே கழித்தவள் அவள். வேலையிடத்துத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? வெயிலில் கொதிக்கும் ஒரு பிளாஸ்டிக் டிரம், அதில் கயிறு கட்டிய ஒரு குவளை, குடிக்கப் போனால் பின்னாலேயே துரத்தி வரும் மேஸ்திரியின் குரல். அவ்வளவுதான்.

இப்போது அவள் கழுத்தில் விசில் தொங்கியது. தள்ளுவண்டியில் மூடி போட்ட கேன்கள், உப்பும் சர்க்கரையும் அளவாய்க் கலந்த தண்ணீர். விசில் ஊதினால் எந்த மாடியில் நின்றாலும் சரி, கீழே பச்சை வலை கட்டிய நிழலுக்கு வந்து உட்கார வேண்டும். அவள் நீட்டும் குவளையை முழுசாகக் குடிக்க வேண்டும். கான்கிரீட் ஓடுகிற நாளில் இறங்க முடியாதவர்களுக்கு அவளே ஏணி ஏறிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அரைக் குவளையோடு நழுவப் பார்த்தவனின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாள்.

“தாகமே எடுக்கலக்கா.”

“தாகம் எடுத்தப்புறம் குடிக்கறதுக்கு நான் எதுக்குடா? குடி.”

எல்லாரும் அவளைத் தண்ணியக்கா என்றார்கள். குறும்புக்காரப் பயல்கள் விசிலை வைத்துக் கண்டக்டரக்கா என்றும் கூப்பிட்டார்கள். முன்னாடி போ, பின்னாடி போ என்று அவள் விரட்டுவதும் அப்படித்தான் இருந்தது.

அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது ஒரு டாக்டரம்மா. மருத்துவக் கல்லூரியில் இருந்து வருபவர். வெட்டவெளியில் வேலை செய்கிறவர்களை வெயில் என்ன செய்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறார். ஆட்கள் அவருக்கு வைத்த பேர் வெயில் டாக்டர். மூன்று கால் கம்பத்தில் ஒரு கறுப்புப் பந்தை மாட்டிக் கட்டடத்து முற்றத்தில் நட்டுவைத்திருந்தார். வெயில், காற்று, புழுக்கம் எல்லாம் சேர்ந்து ஓர் உடம்பில் எவ்வளவு சூடு ஏறும் என்று அது சொல்லுமாம். யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க முதலாளி வைத்த கேமரா என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஒருவன் அதன் மேல் ஈரத் துண்டைப் போட்டு மூடிவிட்டான். டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. துண்டை எடுத்து உதறி அவன் தோளிலேயே போட்டுவிட்டுப் போனார்.

காலையில் வேலை தொடங்குமுன் ஒரு தடவையும் முடித்தபின் ஒரு தடவையும் எல்லாரையும் எடைக் கருவியில் ஏற்றுவார்கள், ரத்தம் எடுப்பார்கள். சாயங்காலம் குறைந்த எடையெல்லாம் வியர்வையாகப் போனது. ஆட்கள் ஒப்புக்கொள்ளவில்லை. குறைந்த கறியை மேஸ்திரி தின்றுவிட்டார் என்றார்கள். மேஸ்திரியின் வயிற்றைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

ரத்தத்தில் பார்ப்பது உப்பு, சமையல் உப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் அதற்கு வாயில் நுழையாத பேர் ஒன்று இருக்கிறது, ஆனால் நோயாளிகள் சொல்வது உப்புதான். சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு. தண்ணீர் இல்லாமல் வெயிலில் உழைத்த உடம்பில் அது சாயங்காலத்துக்குள் ஏறிவிடும். ராத்திரி ஓய்வில் இறங்கும். மறுநாள் மறுபடி ஏறும். இப்படியே வருஷக்கணக்கில் போனால் ஒருநாள் இறங்காமலே நின்றுவிடும். அதைத்தான் டாக்டரம்மா கண்டுபிடிக்க வந்திருந்தார். ஒரு கட்டடத்து ஆட்களுக்கு நேரம் தவறாமல் தண்ணீர், நிழல், ஓய்வு. பக்கத்துக் கட்டடத்து ஆட்களுக்குக் கொஞ்ச காலம் கழித்து. இரண்டு பக்கத்து ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

வேலைக்கு ஆள் வைத்தேனா, விருந்துக்கு ஆள் வைத்தேனா என்று மேஸ்திரி முதல் வாரம் பூராவும் முணுமுணுத்தார். பிறகு மயங்கி விழுகிற ஆட்களே இல்லாமல் போனதைப் பார்த்தார். ஒரு மத்தியானம் யாரும் கவனிக்காதபோது வந்து, எனக்கும் ஒரு குவளை கொடு தாயி என்று அவரே கை நீட்டினார்.

இவ்வளவு பேருக்குத் தண்ணீர் ஊற்றிய அவள் வீட்டில் ஒருவர் தண்ணீருக்காகத் தவித்துக்கொண்டு கிடந்தார். வேலையிடத்தில் டாக்டரம்மாவைத் தவிர அது யாருக்கும் தெரியாது.

அவள் புருஷன் கம்பி கட்டுகிறவர். அந்த வட்டாரத்தில் எந்த வேலையிடத்திலும் ஒட்டகம் என்றால் தெரியும். தளம் போடுமுன் கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, முடிச்சுக்கு முடிச்சு கொக்கியால் முறுக்கிக் கட்டுகிற வேலை. குத்துக்காலிட்டு, இரண்டாக மடிந்து, ஒரு நாள் பூராவும் அப்படியே நகர்ந்துகொண்டு போக வேண்டும். மேலே வெயில், கீழே இரும்புத் தகடு, கையில் தொட முடியாத கம்பி. வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு மடிந்து உட்கார்ந்தால் குமட்டும். குடிக்க இறங்கினால் மறுபடி ஏணி ஏற வேண்டும். அதனால் அவர் குடிப்பதில்லை. வீட்டில் குடித்துவிட்டுக் கிளம்பினால் இனி வீட்டுக்கு வந்துதான். அவருடைய கூட்டாளி சுருட்டைதான் ஒட்டகம் என்று பேர் வைத்தவன். சுருட்டைக்கு இப்போது தலையில் ஒரு முடி கிடையாது, பேர் மட்டும் உதிராமல் நின்றுவிட்டது.

அந்தப் பேரை அவர் பதக்கம் மாதிரி சுமந்தார். தண்ணீர் குடிக்க இறங்குகிற சின்னப் பயல்களைப் பார்த்து, என்னடா கன்னுக்குட்டி, அம்மா ஞாபகம் வந்துடுச்சா என்பார். இடுப்பு வலிக்குப் பெட்டிக்கடை மாத்திரை, காலை டீயோடு இரண்டு. அவளும்தான் குழாயடியில் பெருமை பேசினாள். எங்க வீட்டுக்காரருக்குத் தண்ணியே வேண்டாம், காத்தைக் குடிச்சே வேலை செய்வாரு என்று.

பாதம் வீங்கியது. சோறு கசந்தது. வாந்தி நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, ரெண்டு கிட்னியும் போச்சும்மா என்று சொல்லிவிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு முறை மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் உயிர். சிறுநீர் இறங்காத உடம்பு என்பதால் குடிக்கிற தண்ணீர் எல்லாம் உள்ளேயே தங்கும். முதலில் காலில், பிறகு முகத்தில், கடைசியில் நுரையீரலில். ஆகவே ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று நர்ஸ் ஒரு சின்ன பாட்டிலைக் காட்டினாள். அவர் அதை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, இதை நான் கொப்பளிச்சே துப்பியிருக்கேன் என்றார்.

வெயில் டாக்டரை அவள் சந்தித்ததும் அங்கேதான். அந்த வார்டில் கட்டில் கட்டிலாகப் போய் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். நீங்க என்ன வேலை செஞ்சீங்க? அதுவரை எந்த டாக்டரும் அதைக் கேட்டதில்லை. செங்கல் சூளை, ரோட்டு வேலை, மூட்டை தூக்குற வேலை, உப்பளம் என்று ஒவ்வொரு கட்டிலில் இருந்தும் பதில் வந்தது. சர்க்கரை வியாதி இல்லாதவர்கள், வயசாகாதவர்கள். டாக்டரம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார். பிற்பாடு அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தார்.

கொடுக்கும்போது ஒன்று கேட்டார். “உங்க வீட்டுக்காரரைப் பத்தி அந்த ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. நான் நாள் பூரா பேசறதைவிட அது வேலை செய்யும்.”

அவள் முடியாது என்றுவிட்டாள். புருஷன் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஒட்டகம் மூத்திரம் போக முடியாமப் படுத்துக்கிடக்கான்னு அவனுங்களுக்குத் தெரியக்கூடாது, சுருட்டைக்குத் தெரியவே கூடாது என்று. சொந்தக்காரர் குடோனில் சூப்பர்வைசர் வேலை, உட்கார்ந்து பார்க்கிற வேலை, லீவே கிடையாது என்று அவரே கதை கட்டிக் கொடுத்திருந்தார். வீட்டையும் ஆஸ்பத்திரிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அதே கட்டடத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்த சுருட்டை அவளைப் பார்க்கும்போதெல்லாம், அண்ணன் எப்படி அண்ணி இருக்காரு, நம்மளை மறந்தே போயிட்டாரே என்பான். நல்லா இருக்காருப்பா என்று அவள் குவளையை நீட்டுவாள்.

வீடு என்பது சிமென்ட் ஷீட் போட்ட ஓர் அறை. மத்தியானத்தில் ஷீட்டைக் கையால் தொட முடியாது. மின்விசிறி அந்தச் சூட்டைக் கிளறிவிட்டுக்கொண்டே இருக்கும். காலையில் மாத்திரையோடு கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம், சாயங்காலம் மிச்சம் என்று அந்தச் சின்ன பாட்டிலைப் பங்கு பிரித்து வைத்துவிட்டு, குடத்தை அடுத்த அறையில் இருக்கும் நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு அவள் வேலைக்குப் போவாள். நாக்கு ஒட்டிக்கொண்டால் வைத்துக்கொள்ள எலுமிச்சைத் துண்டு ஒன்று, சப்ப ஐஸ் கட்டி ஒன்று. ஐஸ் கட்டியையும் தண்ணீர்க் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

நாத்தனாருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. டாக்டர் சொன்னதை அவளும் நின்று கேட்டவள்தான். ஆனால் அண்ணன் உதடு வெடித்துக் கிடப்பதைப் பகல் பூராவும் பார்த்துக்கொண்டிருக்கிறவள் அவள். அந்த ஆத்திரத்தை யார் மேலாவது கொட்ட வேண்டாமா? குழாயடியில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்வாள்.

“ஊருக்கெல்லாம் தண்ணி ஊத்துற மகராசி, கட்டினவன் நாக்கை நனைக்க மாட்டேங்கறா.”

 அண்ணிக்காரி குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். ஒருநாள் மட்டும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, உங்க அண்ணனுக்கு நீ ஒரு சொம்பு கொடுத்துப் பாரு, அவரு மூச்சு வாங்கும்போது தூக்கிக்கிட்டு ஓடவும் நீயே ஓடு என்றாள். அன்றைக்கு ராத்திரி இரண்டு அறையிலும் அடுப்பு எரியவில்லை.

சாயங்காலம் அவள் வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்பார். இன்னிக்கு யாரு எவ்வளவு குடிச்சான்? ஆரம்பத்தில் அவள் வேடிக்கையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் சொல்லும்போதே கவனித்தாள். அவள் சொல்லச் சொல்ல அவர் தொண்டைக் குமிழ் ஏறி இறங்கியது. சட்டென்று நிறுத்திவிட்டாள்.

“ஏன் நிறுத்திட்ட?”

“போதும், விடுங்க.”

“சொல்லு. கேட்கக்கூடவா கூடாது?”

அன்றிலிருந்து விவரமாகவே சொன்னாள். கேன் எவ்வளவு சில்லென்று இருந்தது, சுருட்டை எப்படி ஒரே மூச்சில் இரண்டு குவளை குடித்துவிட்டு ஏப்பம் விட்டான், சென்ட்ரிங் பலகை அடிக்கிற ஆள் குடித்த மிச்சத்தை எப்படித் தலையில் ஊற்றிக்கொண்டான். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்டு முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, எல்லாரையும் கெடுத்துட்ட போ, நான் இருந்தா ஒருத்தனும் இறங்கியிருக்க மாட்டான் என்பார். மெஷினில் படுத்து எழுந்த நாட்களில் கொஞ்சம் தெம்பாக இருப்பார். அந்த ஆளுங்க வேலை செஞ்சு எடை குறையறானுங்க, நான் படுத்துக்கிட்டே குறையறேன், என்னையும் ஆராய்ச்சியில சேர்த்துக்கச் சொல்லு உங்க டாக்டரம்மாவை என்று சிரிப்பார். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போவாள். கழுவுகிற சத்தம் அவர் காதில் விழாமல் இருக்கத் தண்ணீரை நூலாகத்தான் ஊற்றுவாள்.

வெயில் உச்சத்துக்கு ஏறிய சமயத்தில் டாக்டரம்மா ஒரு சந்தோஷச் செய்தி சொன்னார். அவள் தண்ணீர் கொடுத்த கட்டடத்து ஆட்களுக்குச் சாயங்காலம் உப்பு அவ்வளவாக ஏறவில்லை. பக்கத்துக் கட்டடத்து ஆட்களுக்கு ஏறியிருந்தது. இனி அவர்களுக்கும் தண்ணீர், நிழல் எல்லாம் உண்டு. இன்னொரு பெரிய வேலையிடத்திலும் ஆரம்பிக்கப் போகிறார்கள், அங்கே வைத்திருக்கும் பெண்களுக்கு எப்படிச் செய்வது என்று நீங்கதான் ஒருநாள் வந்து சொல்லித்தரணும் என்று கேட்டார். இங்கே விசிலை யாரிடம் கொடுப்பது? சுருட்டையிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவன் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு நாள் ராஜா நான் என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

அன்று அவருக்கு மெஷின் கிடையாது. மறுநாள்தான். மெஷினுக்கு முந்தின நாள் உடம்பு முழுக்க நீர் கட்டி, தாகமும் அதிகமாக இருக்கிற நாள். காலையில் தலை சீவி, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். முழுக்கைச் சட்டை எதற்கென்றால், மெஷின் ஊசி போடுவதற்காக இடது கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அது மேடு மேடாகப் புடைத்திருக்கும். அவர் முடி வெட்டப் போகவில்லை. பஸ் பிடித்துச் சுருட்டை இருந்த கட்டடத்துக்குப் போனார்.

அவள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுக்க முடியவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் தூக்கித் தூக்கிப் போட்டது. முகம் மட்டும் அவள் ரொம்ப நாளாகப் பார்க்காத முகமாக இருந்தது. தெளிந்து, குளிர்ந்து.

“எங்கே போனீங்க?”

“பசங்களைப் பார்த்துட்டு வந்தேன்.”

“குடிச்சீங்களா?”

மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார். “சுருட்டை நீட்டினான். குடிக்காம யாரும் நிழல்ல உட்காரக்கூடாதாமே. நீ போட்ட சட்டமாம்.”

நாத்தனார் ஆட்டோ பிடிக்க ஓடினாள். ஆஸ்பத்திரியில் மூக்கில் காற்று வைத்தார்கள். மெஷின் எல்லாவற்றிலும் ஆட்கள் படுத்திருந்தார்கள். யாரை நடுவில் எழுப்புவது? அவர்களும் அதே மாதிரி மூச்சுக்காகக் காத்திருந்து ஏறியவர்கள்தான். ஒருத்தருக்கு இப்ப முடிஞ்சிடும்மா, முடிஞ்சதும் போட்டுடலாம் என்று டாக்டர் சொன்னார். நர்ஸ் இரண்டு முறை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இவள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். உள்ளே தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் முதுகில் கேட்டது. ஜன்னலில் வெளிச்சம் இன்னும் இருந்தது. மெஷின் காலியாகுமுன் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

சுருட்டைக்குச் செய்தி போய், மறுநாள் காலையில் வந்தான். எப்படிச் செத்தார் என்று வாசலில் யாரோ சொல்லிவிட்டார்கள். உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். யாரும் அவனை எழுந்திரு என்று சொல்லவில்லை. அவள் வெளியே வந்தபோது தலையைத் தூக்காமலே பேசினான். உட்கார்ந்து தின்று சதை போட்டுவிட்டார் என்று நினைத்தானாம். முகம் அவ்வளவு உப்பலாக இருந்ததாம். முழுக்கைச் சட்டையைப் பார்த்துச் சூப்பர்வைசர் ஐயா வாங்க என்று எல்லாரும் கேலி செய்தார்களாம். வலைக்குக் கீழே பலகை போட்டு உட்கார வைத்து, ஒவ்வொரு விசிலுக்கும் முதல் குவளை விருந்தாளிக்கு என்று அவன்தான் நிரப்பிக் கொடுத்தானாம்.

“வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லலை அண்ணி. சிரிச்சுக்கிட்டே குடிச்சாரு. ஒட்டகம் தண்ணி குடிக்குதுடான்னு பசங்க கை தட்டினாங்க. இன்னொண்ணு ஊத்துடான்னு அவரே கேட்டாரு. நான் ஊத்தினேன்.”

அவள் உள்ளே போய்விட்டாள். கூட்டாளியைப் பார்க்கப் போனாரா, தண்ணீரைத் தேடிப் போனாரா? அதைக் கேட்க ஆள் இல்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் போயிருப்பார் என்று ஒரு நேரம் தோன்றும். தன்னுடைய வீட்டில் கிடைக்காததைத் தன் பெண்டாட்டியின் கேனிலேயே போய்க் குடித்துவிட்டு வந்தார் என்று இன்னொரு நேரம் தோன்றும்.

நாத்தனார் மட்டும் ஒன்று சொன்னாள். “வயிறு நிறையக் குடிச்சிட்டுத்தான் போயிருக்கு, என் அண்ணன்.” குத்திச் சொன்னாளா, தேற்றச் சொன்னாளா என்று அவளுக்குப் புரியவில்லை. சொல்லிவிட்டு நாத்தனார் அவள் மடியிலேயே தலையை வைத்து அழுதாள்.

டாக்டரம்மா வந்தார். அன்னிக்கு நான் உங்களைக் கூட்டிக்கிட்டுப் போகாம இருந்திருக்கணும் என்றார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். நீங்க சொல்லச் சொன்னீங்க, நான்தான் சொல்லலை என்றாள்.

வீட்டில் உட்கார்ந்திருந்தால் சுவர் தின்றுவிடும் என்று வேலைக்குத் திரும்பினாள். விசிலை மேஸ்திரி எடுத்து வந்து கொடுத்தார். ஆட்கள் அவள் முகத்தைப் பார்க்கத் தயங்கினார்கள், ஆனால் விசில் ஊதியதும் வந்து உட்கார்ந்தார்கள், குடித்தார்கள். அவர் எதனால் செத்தார் என்று பாதிப் பேருக்கு இன்னமும் தெரியாது. வெயிலில் வந்து போனதில் நெஞ்சடைத்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். சுருட்டை எதையும் திருத்தவில்லை.

அவன் நிழலுக்கும் வரவில்லை. மேலே கம்பிக்கு நடுவில் குந்தியபடியே இருந்தான். அவளும் அவனைக் கூப்பிடவில்லை. இந்த ஜென்மத்துக்கு அவன் முகத்தில் விழிப்பதில்லை என்று மனசுக்குள் வைத்திருந்தாள். வேலை என்று ஒன்று இருக்கிறதே, அதற்காக அவன் பங்குக் குவளையை மட்டும் ஏணி உச்சியில் வைத்துவிட்டு இறங்கிவிடுவாள். திரும்பி வரும்போது குவளை காலியாக இருக்கும். குடித்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வாள்.

ஒரு காலையில் டாக்டரம்மா அவளைத் தனியாக அழைத்தார்.

“சுருட்டை குடிக்கறதே இல்லைம்மா. சாயங்காலம் மத்தவங்களைவிட அவருக்குத்தான் எடை குறையுது. உப்பு ஏற ஆரம்பிச்சிருக்கு. நான் சொன்னா தலையைத் தலையை ஆட்டறார்.”

“தண்ணியை என்ன பண்றான் அப்போ?”

“கீழே ஊத்திடறார்னு நினைக்கிறேன்.”

“நான் என்ன பண்ண முடியும் டாக்டரம்மா? என்னால அவன்கிட்டப் பேச முடியாது.”

டாக்டரம்மா வற்புறுத்தவில்லை. கறுப்புப் பந்தின் பக்கம் போய்க் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. உச்சிவேளை விசிலை ஊதிவிட்டு, வழக்கம்போல ஒரு குவளையை எடுத்துக்கொண்டு ஏணி ஏறினாள். தலை மேலே எட்டிப் பார்த்ததும் நின்றுவிட்டாள். சுருட்டை அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். கொக்கியைப் பிடித்த கை மடங்கி இழுத்துக்கொண்டு விரல் விரியவில்லை. அவன் இன்னொரு கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். பிரித்து, உதறி, மறுபடி கொக்கியைப் பிடித்து அடுத்த முடிச்சுக்கு நகர்ந்தான். நின்று நிதானிக்கவில்லை. யாரோ தண்டனை கொடுத்து அதை அவன் கழிப்பது மாதிரி இருந்தது.

அவள் குவளையை ஏணி உச்சியில் வைக்கவில்லை. கம்பியை மிதித்து மிதித்து அவன் பக்கம் போனாள். கீழே வலைக்கடியில் இருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மேஸ்திரி பேச்சை நிறுத்தினார்.

“எழுந்திரு.”

“வேணாம் அண்ணி.”

“எழுந்திருன்னேன்.”

எழுந்தான். கண்ணைப் பார்க்கவில்லை. உதடு வெடித்து வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அந்த உதட்டைப் பார்த்ததும் அவளுக்குள் கட்டி வைத்திருந்தது அறுந்தது. திரும்பிக் கீழே பார்த்துச் சத்தமாகவே பேசினாள். அவள் புருஷன் எந்தக் குடோனிலும் வேலை பார்க்கவில்லை. ரெண்டு சிறுநீரகமும் போய் மெஷினில் கிடந்தார். தண்ணி குடிக்காமல் வேலை செய்தே போனது. குடிக்கலாம் என்று ஆனபோது குடிக்கக்கூடாத உடம்பாகப் போய்விட்டது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்தது அவள். வெளியே சொல்லாதே என்று அவர் சொன்னார், அவள் சொல்லவில்லை. அதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் இரண்டு முறை நின்றது. கீழே, அன்றைக்கு அவரைப் பார்த்துக் கை தட்டிய பையன் ஒருவன் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

“நான் சொல்லியிருந்தா இவன் கொடுத்திருக்க மாட்டான்” என்றாள்.

பிறகு குவளையைச் சுருட்டையின் முன்னால் நீட்டினாள்.

“உங்க கையால எப்படி அண்ணி குடிப்பேன்?”

“உன் மேல எனக்குக் கோபம் போகலை. போகுமான்னும் தெரியலை. அது வேற. இன்னொருத்தனை நான் அந்த வார்டுல போய்ப் பார்க்க மாட்டேன். குடி.”

அவன் வாங்கினான். கை இழுத்துக்கொண்டு சரியாகப் பிடிக்க வரவில்லை. அவள் கீழே கை கொடுத்துத் தாங்கினாள். முதல் வாய் தொண்டையில் சிக்கிப் புரையேறியது. பாதி சட்டையில் கொட்டியது. கண்ணீரும் மூக்குநீரும் சேர்ந்து ஒழுகியது. துடைக்க விடாமல் அவள் குவளையைப் பிடித்தபடியே நின்றாள். மெதுவாகக் குடி என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்க முடியாமல் அவள் பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடித்ததும் குவளையை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு கம்பியில் விழுந்து, விழுந்த இடம் தெரியாமல் காய்ந்தது. கீழே போய் நிழல்ல உட்காரு என்றாள். அவன் இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டு, குவளையை நிரப்ப அவளும் பின்னாலேயே இறங்கினாள்.